அத்தியாயம் 7: பிள்ளைகள் தூங்கும் வீட்டிலிருந்து 42 கிலோமீட்டர்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் முழு மாரத்தானுக்குத் தயாராக நினைக்கும் அம்மாவும் அப்பாவும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஆண்டு தீபாவளி எந்தத் தேதியில் வருகிறது என்பது. ஷூ, கைக்கடிகாரம், பயிற்சி அட்டவணை எல்லாம் அதற்குப் பிறகு.

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். பத்துக் கிலோமீட்டரை மூச்சுவாங்காமல் ஓடப் பழகியவருக்கே அதற்கு மேல் 18 முதல் 20 வாரப் பயிற்சி வேண்டும். நமக்கு எட்டுகிற பெரிய போட்டி சென்னை மாரத்தான். ஜனவரி முதல் வாரக் கடைசியில் நடப்பது வழக்கம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆவணி பிறக்கும்போது பயிற்சியைத் தொடங்க வேண்டும். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்றும் பட்டாசு செய்யும் பயர் ஆபீஸில் தலைநிமிர விடாத மாதங்கள். தீபாவளி முடிந்ததும் ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். மறுபடி பூஜை போட்டுத் திறக்கச் சில வாரங்கள் ஆகும். மாரத்தான் பயிற்சியில் உடம்பைப் பிழிந்தெடுக்கும் 24, 28, 30 கிலோமீட்டர் ஓட்டங்கள் சரியாக அந்த இடைவெளியில்தான் வருகின்றன, நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை. வேலை இல்லை, வெயில் தணிந்திருக்கும், மழை புழுதியை அடக்கியிருக்கும். வெடி உருட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஜனவரிப் போட்டியைப் போல் தோதான போட்டி வேறில்லை.

ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கணக்கு மாறும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. ஜனவரி முதல் ஞாயிறு வரை 11 வாரம் கிடைத்தது. 2026-இல் நவம்பர் 8, 8 வாரம்தான். போட்டிக்கு முந்தைய மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து உடம்பை ஆற்ற வேண்டியவை என்பதால் கையில் நிற்பது ஐந்து. தீபாவளி பிந்தி வரும் ஆண்டில், வேலை நெருக்கடிக்கு நடுவிலேயே ஞாயிறு ஓட்டம் 18 கிலோமீட்டரைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை என்றால் அந்த ஆண்டு அரை மாரத்தான் ஓடுங்கள். 21 கிலோமீட்டரும் சின்னத் தூரமில்லை.

பணத்தையும் இங்கேயே பேசிவிட வேண்டும். ஆபீஸ் பூட்டியிருக்கும் வாரங்களில் சனிக்கிழமைச் சம்பளம் வராது. போட்டிக் கட்டணம், ஒரு ஜோடி ஷூ, ரயில் டிக்கெட் மூன்றுக்கும் உரிய பணத்தை போனஸ் கைக்கு வந்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள். கார்த்திகையில் பிள்ளைக்குப் பால் வாங்குகிற காசிலிருந்து ஷூ வாங்கும் நிலை வந்தால், அந்த வீட்டில் ஓட்டத்தின் மேல் ஏற்படும் மனக்கசப்பு பிறகு தீராது.

அச்சக வேலையில் இருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். ஆடி 18 அன்று காலண்டர் ஆல்பங்கள் வெளியாகி ஆர்டர் வரத் தொடங்கினால், கார்த்திகையும் மார்கழியும் இரவு பகல் பாராத வேலை. அவர்கள் ஜனவரிப் போட்டியை விட்டுவிடுவது நல்லது. நவம்பர், டிசம்பரில் வாரம் மூன்று சின்ன ஓட்டங்களை விடாமல் வைத்துக்கொண்டு, பொங்கலுக்குப் பிறகு தூரத்தைக் கூட்டி, மார்ச் வெயில் ஏறுவதற்குள் ஓர் அரை மாரத்தானை முடிக்கலாம்.

இதுவரை போட்டியே ஓடாதவர்கள் நம் மாவட்டத்திலேயே தொடங்கலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்திவரும் அறிஞர் அண்ணா நெடுந்தூர ஓட்டத்தில், 25 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 5. பெண்களுக்கும் 10 வைக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். வைக்கும்வரை 5-ஐ ஓடுங்கள்.

தூக்கத்தை எடுத்து ஓடாதீர்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் நேரம் குறைவு. நேரம் குறைவான எவரும் முதலில் கைவைப்பது தூக்கத்தில். இரவு பதினொன்றுக்குப் படுத்து, நடுவில் இரண்டு முறை பிள்ளைக்காக எழுந்து, நாலரைக்கு ஷூ கயிறு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் மாதம் ஓடுவார்கள். இரண்டாம் மாதம் முழங்காலோ கெண்டைக்காலோ பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். ஓட்டத்தால் நொந்த தசை ஆறுவது தூக்கத்தில். அது இல்லாத பயிற்சி உடம்பைக் கட்டாது, கரைக்கும்.

வேறு ஊரில் இது உடம்பைப் பற்றிய அறிவுரையாக நின்றுவிடும். நம் ஊரில் அப்படி நிற்காது. பட்டாசு மருந்து கலக்கும் அறையிலும் மருந்து செலுத்தும் அறையிலும் உராய்வும் அதிர்ச்சியும் ஆளைக் கொல்லும். கண் சொருகுகிற கை அங்கே தொடக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் கலவை வேலையை முடிப்பது வழக்கம் என்பதால் அந்த வேலைக்குப் போகிறவர்கள் விடியலிலேயே கிளம்ப வேண்டியிருக்கும். அவர்கள் வேலை நாளின் காலையில் ஓடவே வேண்டாம்; சாயங்காலம் ஓடுங்கள். வேறு எந்த அறையில் வேலை பார்ப்பவராக இருந்தாலும், வேலை நாளின் விடியலில் அரை மணி மெதுவோட்டத்துக்கு மேல் போகாதீர்கள். நீண்ட ஓட்டம் வார விடுமுறை நாளுக்கு மட்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பகலும் இரவும் சேர்த்து ஏழு மணி நேரத் தூக்கம் கணக்கில் வர வேண்டும். பிள்ளை இரண்டு முறைக்கு மேல் எழுப்பிய இரவுக்கு அடுத்த காலையில் ஓட்டம் ரத்து, யோசிக்கத் தேவையில்லை. ஒன்பது மணிக்கு பிள்ளையோடு சேர்ந்து விளக்கை அணைத்துவிடுவது இந்த ஐந்து மாதத்துக்கு நீங்கள் செய்யும் முதல் பயிற்சி. சீரியல் ஓடுகிற அறையும் பிள்ளை படுக்கிற அறையும் ஒன்றாக இருக்கும் வீடுகளில் இது லேசான காரியமில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் பேசித்தான் முடிக்க வேண்டும்.

வீட்டின் வாரத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் ஞாயிறு முதல் சனி வரை எழுதுங்கள். ஆபீஸ் பஸ் வரும் நேரம், பள்ளி வேன் நேரம், சின்னவன் தூங்கி எழும் நேரம், ரேஷன் கடை, தண்ணீர் வரும் நாள். கடைசியில் சொன்னதை மறக்க வேண்டாம். நம் ஊர்களில் குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும், அதுவும் சொல்லாத நேரத்தில் வரும். தண்ணீர் வரும் காலையில் குடும்பத்துப் பெண் ஓடப் போக முடியாது. போனாலும் மனம் குடத்தடியில்தான் இருக்கும். அந்த நாளை ஓய்வு நாளாகவே எழுதிவிடுங்கள். நிரம்பிய குடங்களைத் தூக்கி இறக்கும் உழைப்பு அன்றைய கணக்குக்குப் போதும்.

மிச்சமிருக்கும் இடங்களில் வாரத்துக்கு நான்கு ஓட்டம் கிடைத்தால் முழு மாரத்தானுக்குப் போதும். அவற்றில் இரண்டைக் கண்ணாகக் காப்பாற்றுங்கள்: ஞாயிறு நீண்ட ஓட்டம், வாரத்தின் நடுவில் 45 நிமிட ஓட்டம் ஒன்று. அந்த நடுவார ஓட்டத்தில் கடைசி 15 நிமிடம் கொஞ்சம் வேகம் கூட்டலாம். மருந்து அறை வேலைக்காரர்களும் மற்ற ஆபீஸ்காரர்களும் இதைச் சாயங்காலத்தில் வையுங்கள். மற்ற இரண்டும் 20, 30 நிமிடம். இழந்தாலும் பாதகமில்லை. தூரத்தை வைத்து அளக்காமல் நிமிடத்தை வைத்து அளப்பது பிள்ளைக்காரர்களுக்கு நல்லது. “அரை மணியில் வந்துவிடுவேன்” என்றால் வீட்டில் இருப்பவருக்குப் புரியும். “ஆறு கிலோமீட்டர்” என்றால் புரியாது.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். மொத்த ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு இப்படித்தான் இருக்க வேண்டும். புதியவர்கள் நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பதை 42 கிலோமீட்டருக்கும் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் காலோவே பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த முறை இது. நடந்தால் மாரத்தான் ஆகாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஞாயிறு ஓட்டத்தை 10-இல் தொடங்கி வாரம் ஒன்று, இரண்டு கிலோமீட்டராக ஏற்றுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு இறக்குங்கள். 30-க்கு மேல் பயிற்சியில் ஓட வேண்டாம். அதற்கு மேல் ஓடினால் ஆறுவதற்கு ஒரு வாரம் பிடிக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த ஒரு வாரத்தை நொண்ட முடியாது.

வீடு ஒதுங்கிக் கொடுக்க வேண்டும்

கார்த்திகை ஒன்றாம் தேதி ஒருவர் மாலை போட்டுக்கொண்டால் அந்த வீடு எப்படி மாறுகிறது என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சமையல் மாறும், குளிக்கும் நேரம் மாறும், அவர் படுக்கும் இடம் மாறும். யாரும் காரணம் கேட்பதில்லை. ஒருவரின் விரதத்துக்கு வீடு முழுவதும் இடம் கொடுக்கத் தெரிந்த மக்கள் நாம். ஐந்து மாத மாரத்தான் பயிற்சியும் அதே மரியாதையைக் கேட்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. விரதத்துக்கு ஒதுங்கிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்களாக இருந்திருக்கிறார்கள். இதில் ஆணும் ஒதுங்கிக் கொடுக்க வேண்டும்.

கணவர் ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஓடிவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, மதியம் தூங்கினால் அந்த மூன்று மணி நேரம் ஆறு மணி நேரமாகிவிடுகிறது. அத்தனை நேரமும் பிள்ளை மனைவியின் இடுப்பில். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்: ஓடி முடித்தவருக்கு அன்று கூடுதல் ஓய்வு வேண்டுமென்றால் அதையும் முன்பே கேட்டு வாங்க வேண்டும், அதே அளவு நேரத்தை வேறொரு நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை இரவு ஐந்து நிமிடம் போதும்.

“ஏங்க, நாளைக்கு யாரு முதல்ல போறது?”

“நீ நாலரைக்குக் கிளம்பு. ஏழு மணிக்குள்ள வந்துட்டா நான் ஒரு மணி நேரம் போய்ட்டு வந்துருவேன். இட்லிய நான் ஊத்துறேன்.”

இந்தப் பேச்சு நடக்காத வீட்டில் எந்த அட்டவணையும் மூன்று வாரத்துக்கு மேல் நிற்காது.

அப்பத்தாவோ அம்மாச்சியோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் பல. இந்த வட்டாரத்துப் பாட்டிமாரில் எத்தனையோ பேர் பத்து வயதுக்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர்கள். விளையாட நேரம் கிடைக்காத தலைமுறை அது. அவர்களிடம் “பார்த்துக்கோங்க” என்று ஒரு வார்த்தையில் விட்டுவிட்டு ஓடாதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள். வாரம் ஒரு நாள் அவர்களுக்கு முழு விடுப்பு கொடுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் நீண்ட ஓட்டத்தை நேர்கோட்டில் ஓட வேண்டாம். உங்கள் வாசலைத் தொட்டுச் செல்லும் இரண்டு கிலோமீட்டர் வட்டம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். திருத்தங்கலில் ஒரு குடும்பம் இதை அழகாகச் செய்கிறது. திண்ணையில் ஒரு சொம்புத் தண்ணீர், உப்புப் போட்டு மூடிவைத்த மோர், மடித்த துண்டு ஒன்று. பிள்ளை தூங்கும்வரை வாசல் விளக்கு அணைந்திருக்கும். எழுந்துவிட்டால் மாமியார் விளக்கைப் போடுவார். மருமகள் தெருமுனை திரும்பும்போதே வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே வந்து, முகம் கைகால் கழுவி, மார்பைத் துடைத்து, பால் கொடுத்துவிட்டு மறுபடி கிளம்புகிறார். நடுவில் இருபது நிமிடம் நின்றதால் அந்த நீண்ட ஓட்டத்தின் பலன் குறைந்துவிடாது. கடிகாரத்தை நிறுத்திவிட்டு, திரும்ப ஓடும்போது தொடருங்கள்.

பெற்ற உடம்பு

பிரசவமான தாய் எப்போது ஓடலாம்? 2019-இல் பிரிட்டனின் மூன்று இயன்முறை மருத்துவர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது: குறைந்தது 12 வாரம் கழித்து, அதுவும் உடம்பு தயாரா என்று சோதித்த பிறகு. அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு இன்னும் கூடுதல் காலம் ஆகலாம். சோதனையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். அரை மணி நேரம் நடக்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் பத்து விநாடி தனித்து நிற்க வேண்டும். ஒற்றைக்காலில் பத்து முறை குந்தி எழ வேண்டும். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓட வேண்டும். பத்துத் தாவல் முன்னே போக வேண்டும். பாண்டி ஆட்டத்தில் நொண்டியடிப்பதைப் போல ஒவ்வொரு காலிலும் பத்து முறை துள்ள வேண்டும். இவற்றில் எதைச் செய்யும்போதும் வலியோ, அடிவயிற்றில் இறங்குவது போன்ற கனமோ, சிறுநீர்க் கசிவோ இருக்கக் கூடாது.

கசிவைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசியாக வேண்டும். தும்மினால், சிரித்தால், ஓடினால் சொட்டுகிறது என்பதை நம் பெண்கள் பிள்ளை பெற்றதன் கூலியாக ஏற்றுக்கொண்டு வெளியே சொல்வதில்லை. அது பரவலாக இருப்பது உண்மை. சரிசெய்யக்கூடியது என்பதும் உண்மை. சிறுநீரை அடக்கும்போது இறுகும் தசையை இறுக்கி, பத்து எண்ணி, விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதத்தில் குறையவில்லை என்றால் அரசு மருத்துவமனை மகப்பேறு மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ சொல்லுங்கள். கசிவோடு தூரத்தைக் கூட்டாதீர்கள்.

அடுத்தது ரத்தம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதாவது இதைப் படிக்கும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு இருக்க வாய்ப்பு அதிகம். பயிற்சி தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையை முடித்து, அளவு ஏறிய பிறகுதான் மாரத்தான் பயிற்சி. அதுவரை நடை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, ஈரல் உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் ஒட்டவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

பால் கொடுக்கும் தாய் ஓடினால் பால் வற்றும், புளிக்கும் என்று சொல்வார்கள். பேசிக்கொண்டே ஓடும் அளவு ஓட்டத்தால் பால் குறைவதும் இல்லை, பிள்ளைக்குக் கெடுதலும் இல்லை. சாப்பாடும் தண்ணீரும் குறைந்தால்தான் பால் குறையும். பால் சுரக்கவே நாளுக்கு ஐந்நூறு கலோரிக்கு மேல் செலவாகிறது. அதன்மேல் ஓட்டமும் சேர்ந்தால் ஒருவேளைச் சாப்பாடு கூடுதலாக வேண்டும். இளைக்கத்தான் ஓடுகிறேன் என்ற எண்ணத்தைப் பிள்ளை பால் மறக்கும்வரை ஒத்திவையுங்கள். ஓடுமுன் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது. இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்கு இணையான அவசியம். செலவைப் பார்க்காமல் வாங்குங்கள்.

2019 ஜனவரியில் பிரிட்டனில் 268 மைல், ஏறத்தாழ 431 கிலோமீட்டர், நீளும் ஸ்பைன் ரேஸ் என்ற மலைப்பாதைப் போட்டியில் ஜாஸ்மின் பாரிஸ் 83 மணி 12 நிமிடத்தில் ஆண்களையும் முந்தி முதலில் வந்தார். அப்போது அவர் மகளுக்கு 14 மாதம். வழியிலிருந்த முகாம்களில் நின்று பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டுத் தொடர்ந்து ஓடினார். 2007 ஜனவரியில் பெண் குழந்தை பெற்ற பவுலா ராட்கிளிஃப் அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். பெற்ற உடம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாதத்தில் போக வேண்டும் என்பதற்கு நினைக்காதீர்கள். முதல் பிறந்தநாள் முடியாத பிள்ளை இருக்கும் வீட்டிலிருந்து தாய் முழு மாரத்தானுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. பத்துக் கிலோமீட்டரோ அரை மாரத்தானோ போதும். அந்த ஓராண்டு தகப்பனும் அப்படியே இருந்தால் இன்னும் நல்லது.

உடையும் பாதையும்

விளையாட்டுக் கடைகளில் விற்கும் வியர்வை காயும் சட்டைகள் பெரும்பாலும் பாலியஸ்டர். அது உடம்போடு உரசும்போது நிலைமின்சாரம் சேரும். ஓடிய உடையின்மேல் சேலையையோ சட்டையையோ சுற்றிக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸில் ஏறாதீர்கள். வீட்டுக்கு வந்து, குளித்து, உள்ளாடை உட்படப் பருத்திக்கு மாறிவிட்டுப் போங்கள். மருந்து இருக்கும் இடத்தில் பருத்தி தவிர வேறு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. சாயங்காலம் இதே விதி திரும்பி வரும். மணி மருந்தும் அலுமினியத் தூளும் ஒட்டிய உடம்போடு பிள்ளையைத் தூக்கக் கூடாது, அந்த உடையோடு ஓடவும் கூடாது. குளித்து, பிள்ளையைக் கொஞ்சி, பிறகு ஓடுங்கள். ஓடிவிட்டு இன்னொரு முறை குளிக்கத் தண்ணீர் இல்லாத நாளில் ஈரத்துண்டு போதும்.

பாதையைப் பொறுத்தவரை கண்மாய்க்கரை காலுக்கு நல்லது. தார்ச்சாலையைவிட மெத்தென்று இருக்கும், லாரி வராது. ஆனால் மழை பெய்த மூன்று நாளுக்குக் கரிசல் மண் ஷூவில் அப்பி, காலை இழுத்துப் பிடிக்கும். அன்று சாலைக்குப் போங்கள். சீமைக்கருவேல முள் மெல்லிய ஷூ அடிப்பகுதியைத் துளைத்து உள்ளங்காலைத் தொடும். விலையுயர்ந்த மென்மையான ஷூவைவிட அடி கெட்டியான ஷூ இங்கே நன்றாக உழைக்கும். திரும்பி வந்ததும் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்து முள்ளைப் பிடுங்கிவிட்டு ஷூவைப் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நான்குவழிச் சாலையில் ஓடவே வேண்டாம். சிவகாசி, சாத்தூர் சாலைகளில் ஆபீஸ் பஸ்களும் வேன்களும் விடியலிலேயே விரைந்து வரும். வண்டி எதிரே வரும் பக்கமாக, ஒளி பட்டால் மின்னும் பட்டை கட்டிக்கொண்டு ஓடுங்கள்.

இருட்டில் பெண்கள் தனியாக ஓட வேண்டாம் என்று எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சாலை அவர்களுக்கும் சொந்தம். ஆனாலும் இன்றைய நிலையில் இரண்டு பேராகவாவது போங்கள். மதினியும் கொழுந்தியாளுமாக, பக்கத்து வீட்டுக்காரரோடு. நடக்க மட்டும் வருகிறவர் இருந்தால் அவரைச் சுற்றியே வட்டம் ஓடலாம். கைபேசியில் 181-உம் 108-உம் விரலுக்கு எட்டும்படி இருக்கட்டும்.

நாய் துரத்தினால் ஓடாமல் நின்று, முகத்தை அதன் பக்கம் திருப்பி, மெல்லப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம்; 0, 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவார்கள். பால் கொடுக்கும் தாயும் போட்டுக்கொள்ளலாம்.

வயிறு

நம் சாப்பாட்டிலேயே எல்லாம் இருக்கிறது. கிளம்புமுன் ஒரு வாழைப்பழம், கருப்பட்டிக் காப்பி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு கடலை மிட்டாய்த் துண்டோ இரண்டு பேரீச்சம்பழமோ. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் பக்கத்திலேயே கிடைக்கும்போது இறக்குமதி ஜெல்லுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் மென்று விழுங்கிவிட்டு ஓடப் பழக வேண்டும், அதைப் பயிற்சி ஞாயிறுகளிலேயே பழகுங்கள். மணிக்கு அரை லிட்டர் அளவு, தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். வெறும் தண்ணீரைத் தாகமில்லாமல் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்து மயக்கமும் வலிப்பும் வரலாம். உப்புக்கரைசல் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டரில் கலந்து வைத்துக்கொள்வது நல்லது. திரும்பி வந்ததும் கம்மங்கூழில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயத்தோடு ஒரு சொம்பு, இரண்டு முட்டை.

ஓடாத வாரங்கள்

பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அங்கன்வாடியில் ஒருவருக்கு வந்த சளி வீட்டில் எல்லோருக்கும் வரும். விட்ட ஓட்டத்தை மறுநாள் சேர்த்து ஓடி அடைக்கப் பார்க்காதீர்கள். ஐந்து நாள் வரை விட்டுப்போனால் அட்டவணையில் எந்த நாளோ அந்த நாளிலிருந்து தொடருங்கள். ஒரு வாரம் போனால் அதற்கு முந்தைய வாரத்தை மறுபடி ஓடுங்கள். இரண்டு வாரம் போனால் இரண்டு வாரம் பின்னால் போங்கள். தீபாவளிக்குப் பிறகு மூன்று வாரம் மொத்தமாகப் போய்விட்டால் அந்த ஆண்டு முழு மாரத்தான் இல்லை என்று முடிவெடுங்கள். பிள்ளை மூன்று வயதிலிருந்து நான்குக்கு வளர்வது உங்கள் பயிற்சிக்கும் கிடைக்கும் ஓராண்டு.

தீபாவளி அன்றும் மறுநாளும் புகையில் ஓட வேண்டாம். வெடிவிபத்துச் செய்தி வந்த நாளில் நம் ஊர்களில் எந்தத் தெருவில் யார் வீடு என்று தெரிவதற்குள் பொழுது போய்விடும். அந்த வாரம் ஓட்டம் நின்றால் நிற்கட்டும். துக்க வீட்டுக்குப் போவதும், அந்த வீட்டுப் பிள்ளைகளை நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதும்தான் அப்போது வேலை.

சென்னைக்கு

பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசி, விருதுநகர் வழியாக இரவில் கிளம்பிக் காலையில் சென்னை சேர்க்கும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். பொங்கலுக்கு முந்தைய வாரம் என்பதால் திறந்த அன்றே எடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் இல்லை. ஆனால் ஒரு படுக்கையில் பிள்ளையோடு படுத்தால் உங்களுக்குத் தூக்கம் இல்லை. போட்டி ஞாயிறு என்றால் வெள்ளிக்கிழமை காலையே போய்ச் சேரும்படி கிளம்புங்கள். முழு மாரத்தான் நேப்பியர் பாலத்திலிருந்து அதிகாலை 4 மணிக்குத் தொடங்கியிருக்கிறது. பிள்ளைகளை அந்த நேரத்தில் எழுப்பிக் கூட்டிப் போகாதீர்கள். அவர்கள் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, முடிவிடத்துக்கு எட்டு மணிக்கு மேல் வந்தால் போதும்.

வெள்ளியும் சனியும் பிள்ளைகள் கடற்கரை, மிருகக்காட்சிச் சாலை என்று கேட்பார்கள். ஓடப் போகிறவர் போக வேண்டாம், மற்றவர் கூட்டிப் போகட்டும். இந்தக் கட்டளையை ரயில் ஏறுமுன்பே பிள்ளைகளிடம் சொல்லி, திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்து போவதாக வாக்குக் கொடுத்து, அப்படியே செய்யுங்கள். அதனால் திரும்பும் டிக்கெட்டைத் திங்கள் இரவுக்கு எடுங்கள், ஓடியவருக்குக் கீழ்ப்படுக்கை.

ஊர் திரும்பிய பின் இரண்டு வாரம் நடை மட்டும். முதல் மூன்று நாள் குனிந்து பிள்ளையைத் தூக்குவதும் மாடிப்படி இறங்குவதும் தொடையைப் பிடித்து இழுக்கும். பிள்ளை உங்கள் மடியில் ஏறும்படி உட்கார்ந்துகொள்ளுங்கள். அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் இத்தனை மாதம் வீட்டில் இருந்தவருக்கு. நாலரை மணிக்கு அவர் கிளம்பட்டும், ஓடவோ, தோழியைப் பார்க்கவோ, இருக்கன்குடிக்கு நடக்கவோ. இட்லியை நீங்கள் ஊற்றுங்கள்.